வரவு சொன்ன சனிக்கிழமைகள்

சனிக்கிழமை சாயங்காலம் பொற்கொடி வீட்டு வாசலில் விளக்கு எரிய ஆரம்பித்தால் தெருவே பெருமூச்சு விடும்.

அது சாதாரண வாசல் விளக்கு இல்லை; விருந்து விளக்கு. இந்த வீட்டுக்கு இன்று ஒருவர் வரப்போகிறார், அவருக்காகக் கொஞ்சம் மின்சாரம் தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். ஆறு மணிக்கு எரியத் தொடங்கும். வந்தவர் விடைபெறும்வரை எரியும். யாரும் வராவிட்டால் ஒன்பது மணிக்குத் தானாக அணைந்துவிடும். பொற்கொடி வீட்டு விளக்கு எப்போதும் தானாகத்தான் அணைந்தது.

"இன்னைக்கும் ஏத்திட்டியளா?" என்று பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள். "ஒங்க தங்கச்சி வராததுக்கு நாளைக்கு எங்க வீட்டுக்காரரு வேர்வையில குளிக்கணும். ஞாயித்துக்கிழமை ஒருநாதான் மனுசன் மதியம் படுக்காரு."

"இன்னைக்கு வருவா மதினி."

"போன வாரமும் இதத்தான் சொன்னிய."

அன்னபாக்கியத்தைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசி நிலக்கரிக் கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்தைவிட்டுப் போனபோது பொற்கொடி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அதன்பிறகு ஊர் மின்சாரத்துக்குக் கடற்காற்றும் வெயிலும்தான் கதி. இரண்டும் கொடுப்பது எல்லோருக்கும் எல்லா இடத்திலும் போதாது. அதனால் நடைக்கணி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் எப்போது எங்கே போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எந்தக் கிழமை எந்தக் கடைக்கு நடக்கிறார்கள் என்பதையெல்லாம் அது கவனித்துப் பழகிக்கொண்டது. ஆட்கள் போகிற இடத்துக்கு அவர்களுக்கு முன்பே மின்சாரத்தை அனுப்பி வைத்தது. காலையில் வீடுகள் காலியாகும்போதே பள்ளிக்கூடங்களில் மின்விசிறிகள் சுழலும். வேலை முடிந்து நீங்கள் தெருமுனை திரும்பும்போது உங்களுக்கு முன்னால் ஒவ்வொரு கம்பமாக எரிந்து வழிகாட்டும். கடந்து போனதும் பின்னால் ஒவ்வொன்றாக அணையும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துச் சொக்கிப் போவார்கள்.

பழக்கமான வழியில் போகிறவர்களுக்கு அது சொர்க்கம்தான். பழக்கம் இல்லாத இடத்துக்குக் கிளம்பினால் இருட்டு. யாரும் தடுக்கமாட்டார்கள், அபராதம் கிடையாது. தெருவிளக்கு எரியாது, பஸ் வராது, லிப்ட் ஓடாது, அவ்வளவுதான். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போகவேண்டும் என்றால், அந்த வீட்டுக்காரர் அன்று மதியத்துக்குள் நடைக்கணியிடம் 'வரவு சொல்ல' வேண்டும். இன்னார் என் வீட்டுக்கு வருகிறார், நான் வீட்டில் இருக்கிறேன் என்று. அப்போதுதான் பஸ்ஸும் வழிவிளக்கும் லிப்டும் விருந்தாளிக்குக் கிடைக்கும். வரவு சொன்னவர் அன்று சாயங்காலம் வீட்டைவிட்டு நகரக் கூடாது. இவ்வளவு ஏற்பாடும் செய்துகொண்டு யாரைப் பார்க்கப் போவது என்று, மக்கள் மெல்ல மெல்ல ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதையே விட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போனார்கள். துக்கத்துக்குப் போனார்கள். சும்மா போவது மட்டும் நின்றுபோயிற்று.

பொற்கொடிக்கு அந்தச் சும்மா வருவதுதான் வேண்டியிருந்தது. தங்கை வேணி ஒருநாள் கூப்பிடாமல் வந்து நிற்கவேண்டும். அப்படி வருகிறவள் இருட்டில் தடுமாறக் கூடாது என்பதற்காகத்தான் சனிக்கிழமைதோறும் வரவு சொன்னாள். வேணிக்கு அதைத் தெரிவிக்கவில்லை. யார் யாருக்கு வரவு சொன்னார்கள் என்பதை நடைக்கணி வெளியே சொல்லாது, அது சட்டம். போனில் கூப்பிட்டு வரச்சொன்னால் வந்துவிடக்கூடும். ஆனால் கூப்பிட்டதால் வந்தாளா, தானாக வந்தாளா என்று பிறகு எப்படித் தெரிந்துகொள்வது?

முன்பெல்லாம் விருந்தாளி வராவிட்டால் பெரிய நட்டம் இல்லை. இந்தக் கோடையில் காற்று சரியாக வீசவில்லை. புது விதி வந்தது. ஒரு வீட்டில் விருந்து விளக்கு வீணாக எரிந்தால் மறுநாள் மதியம் அந்தத் தெருவுக்கே ஒரு மணி நேரம் மின்விசிறி நிற்கும். அதுவும் தொடர்ந்து நடந்தால், வராத விருந்தாளியின் பெயர் அந்த வாசலிலிருந்து நீக்கப்படும்.

அந்தச் செய்தியைச் சொல்லத்தான் ஆல்வின் வந்திருந்தான்.

ஆல்வின் மின்வாரியத்துப் பையன். இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கும் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிப்பி நகருக்கும் அவன்தான் பொறுப்பு. ஊரில் அவனை விளக்குக்காரத் தம்பி என்பார்கள். நாலு மணி வெயிலில் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கொடுத்த மோரை ஒரே மடக்கில் குடித்தான்.

"யக்கா, கோவிச்சுக்கிடாதிய. இன்னைக்கும் ஒங்க தங்கச்சி வரலன்னா பேர எடுத்துருவாங்க."

"எடுத்தா?"

"பிறகு நீங்க அவியளுக்கு வரவு சொல்ல முடியாது. அவிய பேருக்கு இந்த வாசல்ல வெளக்கு எரியாது. அவியளா வந்தா வந்துக்கிட வேண்டியதுதான்."

"இருட்டுல."

"ஆமா, இருட்டுல."

பொற்கொடி அடுப்பில் ஒரு கண் வைத்துக்கொண்டே நின்றாள். பயறு வெந்துகொண்டிருந்தது. வேணிக்குப் புட்டும் பயறும் என்றால் உயிர். பொற்கொடிக்கு மருந்துக் கடையில் சனிக்கிழமை அரைநாள்தான் வேலை. திரும்பிவந்ததும் மாவு நனைப்பாள், பயறு போடுவாள், ஒன்பது மணிக்கு மேல் தனியாகச் சாப்பிடுவாள், மிச்சத்தை அன்னபாக்கியத்திடம் கொடுப்பாள். தெருவே பெருமூச்சு விட்டாலும் அன்னபாக்கியம் இவளை மன்னித்துக்கொண்டிருந்ததற்கு அந்தப் புட்டும் ஒரு காரணம்.

"ஒரு போன் போட்டுப் பேசிரலாம்லாக்கா?" என்றான் ஆல்வின்.

"என்னன்னு பேச?"

அவனுக்கு அந்தக் கதை தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் அம்மா சிப்பி நகரில் வேணி வீட்டில் இருந்தாள். பதினோராவது மாடி. ஒருநாள் மதியம் கழிந்து வேணியிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு முடியவில்லை, ஒன்னத்தான் கேக்கா, உடனே வா. மதியத்துக்குமேல் வரவு சொல்ல முடியாது. பொற்கொடி அதையெல்லாம் யோசிக்காமல் மருந்துக் கடையிலிருந்து அப்படியே கிளம்பினாள். பஸ் வரவில்லை. அளத்து ரோட்டில், உப்பளங்களுக்கு நடுவே, நடந்தே போய்ச் சேர்ந்தாள். சிப்பி நகரில் லிப்ட் இருட்டாக நின்றது. வேணி போனை எடுக்கவில்லை. போன் ஒரு அறையில் கிடந்தது, அவள் இன்னொரு அறையில் அம்மாவின் கட்டிலருகே இருந்தாள். பொற்கொடி படியேறினாள். நாலாவது மாடியில் முழங்கால் வீங்கிப்போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கிவிட்டாள். காலையில் அம்மா இல்லை.

காலையில் லிப்ட் ஓடியது. துக்க வீட்டுக்கு வாரியம் தாராளமாகக் கொடுக்கும். இறந்தவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு வெளிச்சம் உண்டு. இறந்துகொண்டிருப்பவரைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் கிடையாது.

அடக்கம் முடிந்து வந்த அன்று அக்காளும் தங்கையும் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேசினார்கள்.

"நாலு மாடி ஏறினவளுக்கு இன்னும் ஏழு மாடி ஏற முடியலயா?" என்றாள் வேணி.

"காலையிலயே வரவு சொல்லி வைக்க ஒனக்குத் தோணலயா?" என்றாள் பொற்கொடி.

அதன்பிறகு பேச்சு இல்லை.

ஆல்வின் டம்ளரைக் கழுவி வைக்க எழுந்தான். பொற்கொடி அதை வாங்கிக்கொண்டாள்.

"அவளுக்கு எங்கயாவது சோலி இருக்கும்" என்றாள், அவனுக்குச் சமாதானம் சொல்வதுபோல. "சனிக்கிழமைன்னா மகளக் கூட்டிக்கிட்டுக் கடைகண்ணிக்குப் போவா. கடற்கரைக்குப் போவா. சின்னப் பிள்ளையில இருந்தே அவளுக்குக் காலு வீட்டுல தரிக்காது."

"இல்லக்கா, சனிக்கிழமை சாயங்காலம் அவிய எங்கயும் போறதில்ல" என்றான் ஆல்வின்.

சொன்னபிறகுதான் சொன்னது அவனுக்கு உறைத்ததுபோல இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா."

"இல்ல, சொன்ன. அவ சனிக்கிழமை எங்கயும் போறதில்லன்னு சொன்ன. ஏன் போறதில்ல?"

"அதச் சொல்லக் கூடாதுக்கா. வேலை போயிரும்."

"மேலுக்கு முடியலயா அவளுக்கு?"

"சீ, அதெல்லாம் இல்ல. நல்லா இருக்காவ." அவன் செருப்பை மாட்டினான். ஒரு கால் மாட்டிவிட்டு மற்றதை மாட்டாமல் நின்றான். பிறகு மிக மெதுவாக, வேறு ஏதோ பேசுவதுபோலக் கேட்டான். "யக்கா, நீங்க ஏன் சனிக்கிழமை சாயங்காலம் வெளிய போறதில்ல?"

"நானா? நான் எப்படிப் போவ முடியும், நாந்தான் வரவு சொல்லி..."

பொற்கொடி வாயை மூடினாள். அடுப்பில் பயறு அடிபிடிக்கிற வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை.

"ரெண்டு வீட்டுலயும் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு உக்காந்திருந்தா," என்றான் ஆல்வின் தெருவைப் பார்த்தபடி, "நான் பொதுவாச் சொல்லுதேன், ஒங்களச் சொல்லல, அப்படி இருந்தா கணி என்ன பண்ணும்? ரெண்டு பேரும் வீட்டுலதான் இருப்பாவன்னு நம்பிக்கிடும். ரெண்டு வாசல்லயும் வெளக்கப் போட்டுட்டு, நடுவுல இருக்கிற ரோட்ட இருட்டாத்தான் வச்சிருக்கும். அதுக்கு மனசா இருக்கு? கணக்குதான்."

"எத்தன நாளா?"

"நான் ஒண்ணும் சொல்லலக்கா" என்று மறுபடியும் சொல்லிவிட்டு அவன் சைக்கிளை எடுத்தான்.

ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. பொற்கொடி அதன் அடியில் நின்றாள். ஒரு விஷயம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. உப்பளத்துக்கு அந்தப் பக்கம், பதினோராவது மாடியில், இதே மஞ்சளில் இன்னொன்று எரிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளும் நகர முடியாது, இவளும் நகர முடியாது. இங்கேயே இருந்தால் ஒன்பது மணிக்கு இந்த வாசலிலிருந்து வேணியின் பெயர் போய்விடும். கிளம்பிப் போனால் இப்போதே போய்விடும். வரவு சொன்னவள் வீட்டில் இல்லை என்றால் கணி மன்னிப்பதில்லை.

உள்ளே போய்ப் புட்டைத் தூக்குச்சட்டியில் அடைத்தாள். அடிபிடித்த பயறில் மேலாக இருந்ததை மட்டும் வழித்துப் போட்டாள். முழங்காலுக்குப் பட்டை கட்டினாள். போனில் டார்ச் எரிகிறதா என்று பார்த்தாள். சார்ஜ் பாதிக்கும் குறைவாக இருந்தது.

கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டு அன்னபாக்கியத்தின் முகம் சுவருக்கு மேலே வந்தது.

"எங்க கெளம்பிட்டிய? வெளக்கு எரியுதுல்லா?"

"எரியட்டும்."

"ஆத்தாடி, நீங்களும் போயிட்டா யாரு யாருக்குக் காத்திருக்கா?"

"நீங்க வேணா வந்து உக்காருங்க மதினி."

"ஒங்க தங்கச்சின்னு சொல்லிட்டா? அவ என்னவிட ஒசரம்லா, கணி கண்டுபிடிச்சிரும்" என்றாள் அன்னபாக்கியம். பிறகு தூக்குச்சட்டியைப் பார்த்தாள். பட்டை கட்டிய முழங்காலைப் பார்த்தாள். குரல் மாறியது. "நாளைக்கு விசிறி நின்னா நிக்கட்டும். அவரு மொட்டமாடியில படுப்பாரு. நீங்க பாத்துப் போங்க."

தெருவில் ஆட்கள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு வெளிச்சம் ஓடியது. ஒவ்வொருவரும் தன் தன் வெளிச்ச வட்டத்துக்குள் பத்திரமாக நடந்தார்கள். பொற்கொடிக்கு ஒரு கம்பமும் எரியவில்லை. அவள் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருப்பவள். எதிரே வருகிறவரின் வெளிச்சத்தில் கொஞ்சம், அவர் கடந்ததும் இருட்டில் கொஞ்சம் என்று நடந்தாள். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து ஓரமாக அணைத்துக்கொண்டாள். வெளிச்சம் இல்லாமல் வருகிறவர்களை ஊரில் யாரும் பார்த்துப் பழகவில்லை.

அளத்து ரோடு தொடங்கும் இடத்தில் அந்த வெளிச்சமும் முடிந்தது. இருபுறமும் உப்பளம். பாத்திகளில் மிச்சமிருந்த தண்ணீரில் வானத்தின் கடைசிச் சிவப்பு கொஞ்சம் தங்கியிருந்தது. ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக, படுத்திருக்கிற மாடுகள்போலத் தெரிந்தன. ரோட்டோரம் விளக்குக் கம்பங்கள் இருந்தன. எல்லாம் நல்ல கம்பங்கள்தான், பழுது ஒன்றும் இல்லை. யாரும் நடப்பதில்லை என்பதால் யாருக்காகவும் எரிவதில்லை. தூரத்தில் சிப்பி நகரின் மாடிகளில் வெளிச்சம் இடம் மாறி மாறி அசைந்தது. கூடத்திலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து மாடத்துக்கு. அங்கே மனிதர்கள் நடமாடுகிறார்கள் என்பது இங்கிருந்தே தெரிந்தது. யார் யார் என்பதுதான் தெரியவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் இதே ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போனாள். இப்போது ஓட முடியவில்லை. தூக்குச்சட்டியைக் கை மாற்றிக்கொண்டாள். பதினோரு மாடி. இன்றைக்கு எத்தனை மாடி ஏறினாலும் நடுவில் உட்காருவேன், ஆனால் இறங்கமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். விடியும்வரை ஏறினாலும் சரி.

பாதி ரோடு வந்திருப்பாள். எதிரே ஒரு வெளிச்சம் ஆடிக்கொண்டு வந்தது. பொற்கொடி நின்றாள். இந்த நேரத்தில், இந்த ரோட்டில், யார்? தன் டார்ச்சை உயர்த்தி எதிரே அடித்தாள். அந்த வெளிச்சமும் உயர்ந்து இவள் முகத்தில் அடித்தது. இரண்டும் ஒன்றையொன்று குருடாக்கிக்கொண்டு நின்றன.

"டார்ச்சக் கீழ புடிங்கம்மா" என்றது ஒரு குரல். "கண்ணு அவிஞ்சு போவும்போல இருக்கு."

அது யார் குரல் என்று பொற்கொடிக்குத் தெரிந்துவிட்டது. பேசினால் அழுதுவிடுவோமோ என்று பயந்து, கோபமாகப் பேசினாள்.

"மொதல்ல நீ ஒன்னுதக் கீழ புடி."

எதிர் வெளிச்சம் சடக்கென்று தாழ்ந்தது. தார் ரோட்டில் ஒரு ஜோடிக் கால் தெரிந்தது; அளவுக்கு மீறிய பெரிய செருப்பு, எவனோ ஆம்பிளையுடையது. அவசரத்தில் கணவனின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"யக்கா?"

"எங்க போற இந்த இருட்டுல?"

"சும்மா. காத்து வாங்க."

"உப்பளத்துலயா?"

"நீ எங்க போற?"

"நானும் சும்மாதான்" என்றாள் பொற்கொடி.

பிறகு வேணி மெதுவாகக் கேட்டாள். "வெளக்க எரிய விட்டுட்டா வந்த?"

"ம். நீ?"

"ம்."

"அப்ப ரெண்டு வீட்டுலயும் பேரு போச்சு."

"போவட்டும்" என்றாள் வேணி. "விளக்குக்காரத் தம்பி காலையில வந்துச்சு. ஒண்ணுமே சொல்லலக்கா, ஒண்ணுமே சொல்லலக்கான்னு சொல்லிச்சு. ஒண்ணும் சொல்லாததுக்கு எதுக்கு இத்தன தடவ சொல்லுதுன்னு அப்புறந்தான் ரோசிச்சேன்."

பொற்கொடிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததும் மற்றதும் வந்துவிட்டது. ரோட்டோரம் மதகுக் கட்டை ஒன்று இருந்தது. இருவரும் அதில் உட்கார்ந்தார்கள். திரும்பிப் போகச் சார்ஜ் வேண்டும் என்று டார்ச்சுகளை அணைத்தார்கள். இருட்டிலேயே தூக்குச்சட்டியைத் திறந்தார்கள்.

"பயறு தீஞ்சிருக்கு."

"தின்னா தின்னு, இல்லாட்டி வையி."

வேணி தின்றாள். வாயில் புட்டோடு சொன்னாள். "லிப்ட் ஓடலங்கிறதே எனக்கு அடக்கம் முடிஞ்ச பெறகுதான் தெரியும்க்கா. கூப்பிட்டா வந்துருவான்னு இருந்துட்டேன். கூப்பிட்டா நீ எப்பவும் வருவ."

"அஞ்சாவது மாடி ஏறியிருக்கலாம் நானும்."

"ஏறி?"

"ஆறாவதுல உக்காந்திருப்பேன்."

வேணி தன் எச்சில் கையை அக்காளின் முழங்கால் பட்டைமேல் வைத்தாள். அதற்குமேல் அன்றைக்கு அதைப்பற்றிப் பேச்சு இல்லை. வேணியின் மகள் கணக்கில் மார்க் குறைந்ததைப்பற்றி, மருந்துக் கடை முதலாளியின் புதுப் பல்செட்டைப்பற்றி, அம்மா யாரையெல்லாம் எப்படித் திட்டுவாள் என்பதைப்பற்றிப் பேசினார்கள். முகம் தெரியவில்லை. குரல் மட்டும்தான். குரலுக்கு வயதே ஆகவில்லை என்று பொற்கொடிக்குத் தோன்றியது. பாவாடை சட்டையோடு ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

மறுநாள் இரண்டு தெருக்களில் மதியம் மின்விசிறி நின்றது. இரண்டு வாசல்களிலிருந்தும் இரண்டு பெயர்கள் நீங்கிவிட்டன என்று திங்கட்கிழமை வாரியத்திலிருந்து தகவல் வந்தது. விருந்து விளக்கு பொற்கொடி வீட்டில் பிறகு எரியவில்லை. அன்னபாக்கியத்துக்கே அது என்னவோ போல இருந்தது.

ஆனால் சனிக்கிழமைகளில் பொற்கொடி அளத்து ரோட்டுக்கு நடந்தாள். பாதி தூரம்தான், பாதி தூரத்துக்கு முழங்கால் ஒத்துழைத்தது. வேணியும் பாதி தூரம் வந்தாள். சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. சில வாரம் மழை. சில வாரம் ஒருத்தி மட்டும் வந்து, மதகுக் கட்டையில் உட்கார்ந்து, உப்புக் காற்றை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். போன வாரம் ஏன் வரவில்லை என்று மற்றவளை அடுத்த வாரம் கேட்கவும் இல்லை. பொற்கொடிக்கு அந்தத் தனி வாரங்களும் பிடித்திருந்தன. எதிரே இருட்டைப் பார்த்துக்கொண்டு, வருவாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதில் ஒரு ருசி இருந்தது. மூன்று மணி நேரம் மஞ்சள் விளக்கின் அடியில் உட்கார்ந்திருந்தபோது அது இல்லை.

ஒருநாள் ஆல்வின் மருந்துக் கடைக்கு இருமலுக்கு மருந்து வாங்க வந்தான்.

"யக்கா, அளத்து ரோட்டுல ராத்திரி யாரோ நடக்காவ. கணி ரெண்டு பேரக் காட்டுது. ஆபீசுல மண்டையப் பிச்சுக்கிடுதாங்க. அங்க வீடும் இல்ல, கடையும் இல்ல. நடு உப்பளத்துல எதுக்கு ரெண்டு பேரு உக்காந்திருக்கணும்?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"எனக்கும் தெரியாதுக்கா" என்று மருந்தை வாங்கிக்கொண்டு போனான்.

அதற்கு அடுத்த மழைக்காலம் முடிந்து, பாத்திகளில் மறுபடி வெள்ளை பூக்கத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. பொற்கொடி அளத்து ரோட்டில் திரும்பினாள். டார்ச்சை எடுக்கக் கையைப் பைக்குள் விட்டவள் அப்படியே நின்றாள். முன்னால் ஒரு கம்பம் எரிந்தது. அவள் நின்றாள், அது எரிந்துகொண்டு காத்திருந்தது. அவள் நடந்தாள், அடுத்தது எரிந்தது. எதிர்த் திசையிலும் வெகுதூரத்தில் ஒரு வெளிச்சம் ஒவ்வொரு கம்பமாகத் தாவித் தாவி வந்தது. இரண்டு வெளிச்சங்களும் மதகுக் கட்டைக்கு மேலே வந்து ஒன்றாயின.

வேணி அந்த வெளிச்சத்துக்குள் வந்து நின்றாள்.

முன் நெற்றி முழுக்க நரைத்திருந்தது. கன்னம் ஒடுங்கி, வாயோரம் இரண்டு கோடு விழுந்து, அம்மாவே பெரிய செருப்பு போட்டுக்கொண்டு வந்ததுபோல இருந்தாள். இத்தனை மாதம் இருட்டில் கால் ஆட்டிக்கொண்டிருந்த அந்தப் பாவாடை சட்டைப் பெண்ணைக் காணவில்லை. வேணியும் இவளை அப்படித்தான் பார்த்தாள் என்பது அவள் கண்ணில் தெரிந்தது. இருவருக்கும் வெட்கமாக இருந்தது.

"கெழவி ஆயிட்டியேட்டி" என்றாள் பொற்கொடி.

"நீ கொமரியாக்கும்?"

வேணி கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். "யாரு வரவு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாமதான் நடந்து நடந்து சொல்லியிருக்கோம்."

கணி கற்றுக்கொண்டுவிட்டது. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அது இவர்களை எதிர்பார்க்கும். ஊரின் மின்சாரத்தில் ஒரு துளியை இந்தக் கட்டைக்காக எடுத்து வைக்கும். இவர்கள் வராத வாரம் இந்த வெளிச்சம் வீணாக எரியும். மறுநாள் யாரோ ஒரு அன்னபாக்கியத்தின் வீட்டில் யாரோ வேர்வையில் புரளுவார்கள். பிறகு வந்தே ஆகவேண்டும் என்று ஆகிவிடும். ஒருத்திக்கு ஒருத்தி முகம் பார்க்க வெளிச்சம் கிடைத்திருக்கிறது. அந்த வெளிச்சம் இவர்களையும் வரவு வைத்துக்கொண்டுவிட்டது.

வேணிக்கும் அதுவேதான் ஓடியிருக்க வேண்டும். முந்தானையால் கட்டையைத் தட்டிவிட்டு, உட்காராமல் கேட்டாள்.

"யக்கா, அடுத்த சனிக்கிழமை வருவியா?"

எத்தனையோ சனிக்கிழமைகள் பொற்கொடி இந்தக் கேள்விக்காக ஏங்கியிருந்தாள். பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் கம்பத்தைப் பார்த்தாள். அது காது கொடுத்துக் கேட்பதுபோல இருந்தது.

"தெரியாதுட்டி" என்றாள்.

வேணி முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. அம்மாவுடைய சிரிப்பு இல்லை அது, அவளுடையதுதான்.

"எனக்கும் தெரியாது" என்றாள்.

பொற்கொடி தங்கையின் முகத்தை இன்னொரு தடவை, நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், ஆசைதீரப் பார்த்துக்கொண்டாள். பிறகு இருவரும் தூக்குச்சட்டியை நடுவில் ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு, ரோட்டைவிட்டு இறங்கி, பாத்தி வரப்பில் கால் வைத்து, வெளிச்சம் எட்டாத பக்கமாக நடந்தார்கள்.